பிள்ளைகளும் திரையும்: கையில் கொடுப்பது முதல் திரும்ப வாங்குவது வரை

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் கொடுக்கலாம்?" பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன பதில் இது: 2 வயதுக்குக் கீழ் திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்கள் அமைப்பின் 2016 அறிவுரையும் ஏறக்குறைய இப்படித்தான். 18 மாதம்வரை வீடியோ கால் மட்டும் விலக்கு. 6 வயதுக்கு மேல் அவர்கள் மணிக்கணக்கு எதுவும் சொல்லவில்லை. தூக்கம், ஓட்டம், படிப்பு, வீட்டாரோடு பேச்சு இவற்றைத் திரை தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நிமிடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை நடத்த முடியாததற்குக் காரணம் இருக்கிறது. தாத்தாவோடு அரை மணி நேரம் வீடியோ காலில் கதையளந்த பிள்ளையும், அரை மணி நேரம் ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டே இருந்த பிள்ளையும் கடிகாரத்துக்கு ஒன்றுதான். கடிகாரத்தோடு சேர்த்து மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: திரை எதற்காகக் கைக்கு வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், எப்படி முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் சண்டை வெடிப்பது மூன்றாவதில். ஆகவே இந்த வழிகாட்டியிலும் அதற்குத்தான் அதிக இடம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

புது விதி போடுவதற்கு முன்னால் ஏழு நாள் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நான்கு கட்டம் போதும்: எத்தனை மணிக்கு, என்ன பார்த்தது, யார் எதற்காகக் கொடுத்தார்கள், முடியும்போது என்ன நடந்தது. "எதற்காக" என்ற கட்டம்தான் உண்மையைச் சொல்லும். பிள்ளை கேட்டுக் கொடுத்ததைவிட, பெரியவர்களுக்கு வேலை ஆக வேண்டும் என்று கொடுத்ததே அதிகமாக இருக்கும்: ஊட்டும் நேரம், சமைக்கும் நேரம், அலுவலகப் போன் வந்த நேரம், அழுகையை நிறுத்த. இதில் குற்ற உணர்ச்சிக்கு வேலை இல்லை. அந்த நேரங்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

அதே வாரத்தில் வீட்டில் உள்ள திரைகளை எண்ணுங்கள். டேப், டிவி, பாட்டியின் போன், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன் எல்லாமே. ஒரு கருவியில் கட்டுப்பாடு போட்டால் பிள்ளை அடுத்ததற்குப் போகும். பழைய போன்தான் பெரும்பாலும் ஓட்டை. உங்கள் போனில் உள்ள பயன்பாட்டு அறிக்கையையும் திறந்து பாருங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைக்குச் சொல்லப்போகும் எந்த விதியும் அந்த எண்ணோடுதான் ஒப்பிடப்படும்.

கருவியைத் தயார் செய்வது

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பிள்ளை தூங்கிய பிறகு.

ஆண்ட்ராய்டு என்றால், பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு தொடங்கி உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் செயலியோடு இணையுங்கள். அவசரத்தில் பலர் தங்கள் கணக்கையே டேப்பில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் மின்னஞ்சல், படங்கள், சேமித்துவைத்த கார்டு எல்லாம் பிள்ளை கையில். நீங்கள் பார்த்த வீடியோக்களைப் பொறுத்தே அதற்கும் பரிந்துரை வரும். ஃபேமிலி லிங்க்கில் மூன்றை மட்டும் முதலில் அமையுங்கள்: தினசரி நேரம், இரவு நிறுத்த நேரம், புதுச் செயலிக்கு உங்கள் ஒப்புதல்.

ஐபோன், ஐபேட் என்றால் அமைப்புகளில் ஸ்கிரீன் டைம். அதற்கு வைக்கும் கடவுக்குறியீடு, போனைத் திறக்கும் குறியீடாக இருக்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளைகூட விரல் போகும் திசையைப் பார்த்து மனப்பாடம் செய்துவிடும். செயலிக்கு நேர வரம்பு வைக்கும்போது 'பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்' என்ற பொத்தானைக் கட்டாயம் இயக்குங்கள். அது அணைந்திருந்தால், நேரம் முடிந்ததும் வரும் திரையில் வரம்பைத் தவிர்த்துவிட்டுத் தொடரும் வழியும் திறந்தே இருக்கும். "வரம்பு வெச்சும் வேலை செய்யல" என்ற புகாரில் பாதி இங்கேதான் முடியும்.

பெரியவர்களின் போனை ஐந்து நிமிடம் கொடுக்கும்போது முழு ஏற்பாடு தேவையில்லை. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' இருக்கிறது. இரண்டும் பிள்ளையை ஒரே செயலிக்குள் பூட்டிவிடும். கைடட் ஆக்சஸில் நேரமும் குறிக்கலாம். பாட்டிக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் போதும், தெரியாமல் யாருக்கோ கால் போவதும் படங்கள் அழிவதும் நிற்கும்.

யூடியூபைப் பொறுத்தவரை எங்கள் கருத்து கறாரானது: 8 வயதுக்குக் கீழ் முழு யூடியூப் கொடுக்காதீர்கள். யூடியூப் கிட்ஸிலும் தானியங்கித் தேர்வை முழுக்க நம்ப முடியாது. அதிலேயே பெற்றோர் ஒப்புதல் தந்ததை மட்டும் காட்டும் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் தேடல் நின்றுவிடும், நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்களும் வீடியோக்களும் மட்டும் வரும். 15 முதல் 20 வீடியோ போட்டுவைத்தால் ஒரு மாதத்துக்குத் தாராளம். சின்னப் பிள்ளைகளுக்குப் பார்த்ததையே பார்ப்பது சலிக்காது, கற்பதும் அப்படித்தான். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டும் ஆட்டோப்ளேவை எல்லாக் கருவியிலும் தனித்தனியாக அணையுங்கள். போனில் அணைத்தது டிவியில் அணையாது.

செயலிக்கு வரம்பு போட்டுவிட்டு பிரவுசரை மறந்துவிடுவதும் சகஜம். அதே வீடியோ பிரவுசரில் ஓடும். சின்னப் பிள்ளையின் கருவியில் பிரவுசரையே மறைத்துவிடலாம். வாங்குவதற்கு ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணையுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவசரச் செய்தி எதுவும் வரப்போவதில்லை.

செயலியைத் தேர்ந்தெடுக்க 10 நிமிடச் சோதனை

செயலிக் கடையில் "கல்வி" என்ற பிரிவில் இருப்பதால் ஒரு செயலி கல்வி ஆகிவிடாது. அந்தப் பெயரை வைத்தவர்கள் அதைச் செய்தவர்களேதான். 2015-ல் கேத்தி ஹெர்ஷ்-பாசெக்கும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வுக் கட்டுரை நான்கு அளவுகோல் தந்தது: பிள்ளையின் மூளை வேலை செய்ய வேண்டும், கவனம் சிதறக் கூடாது, அதன் வாழ்க்கையோடு பொருள் பொருந்த வேண்டும், இன்னொருவரோடு பேச இடம் இருக்க வேண்டும். அந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு நீங்களே பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள்.

முதலில் வேண்டுமென்றே தப்பாக அழுத்துங்கள். "தப்பு" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால், பிள்ளை எல்லாப் பொத்தானையும் மாறி மாறி அழுத்தியே ஜெயித்துவிடும். ஏன் தப்பு என்று காட்டுகிறதா, கேள்வியை எளிதாக்கித் திரும்பத் தருகிறதா என்று பாருங்கள். அடுத்து, விளம்பரம் வருகிறதா என்பதோடு அதை மூடும் குறி எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதையும் பாருங்கள். மூன்றாவதாக, பாதியில் வெளியே வாருங்கள். அழும் பொம்மை, "நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும்" என்ற மிரட்டல், எத்தனை நாள் விடாமல் வந்தாய் என்று காட்டும் தொடர் நாள் கணக்கு வந்தால் செயலியை அழித்துவிடுங்கள். பிள்ளையைப் போகவிடாமல் பிடித்துவைப்பதற்கென்றே செய்த வேலை அது. கடைசியாக இருப்பிடம், மைக், தொடர்புப் பட்டியல் எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். எண் சொல்லித்தரும் செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு?

இந்தச் சோதனையில் தேறுபவை சில: 2 முதல் 8 வயதுவரை கான் அகாடமி கிட்ஸ், இலவசம், விளம்பரமும் இல்லை. கட்டங்களை அடுக்கி நிரல் எழுதிப் பழக 5 வயதிலிருந்து ஸ்கிராட்ச் ஜூனியர், 8-க்கு மேல் ஸ்கிராட்ச். இரண்டிலும் பிள்ளைதான் எதையாவது உருவாக்க வேண்டும், அதுதான் பெரிய வித்தியாசம். தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதை வாசிக்க ஸ்டோரிவீவர். செடி, பூச்சியைப் படம் பிடித்துப் பெயர் அறிய சீக் செயலி, பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல மெர்லின். கடைசி இரண்டும் பிள்ளையைத் திரையிலிருந்து வெளியே இழுத்துவிடும்.

ஒரு கருவியில் ஒரே சமயத்தில் ஐந்து செயலிக்கு மேல் வேண்டாம். இருபது இருந்தால் பிள்ளை எதிலும் இரண்டு நிமிடம் தங்காது.

பக்கத்தில் உட்காருவது என்றால் என்ன

2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா குல் ஒரு சோதனை நடத்தினார். 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் என்ற சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஒருவர் பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் கேட்ட குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. 2 வயதையொட்டிய பிள்ளைகளை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வில், வீடியோ காலில் எதிரே இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்லிப் பேசினால் புதுச் சொல் ஏறியது. பதிவுசெய்த வீடியோவில் ஏறவில்லை. திரைக்குள் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறாரா என்பதுதான் விஷயம். பதிவு வீடியோ பதில் சொல்லாது. அந்தப் பதிலைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும்.

அதற்கு ஆசிரியர் வேலை பார்க்க வேண்டியதில்லை. 3 வயதுப் பிள்ளையோடு நாய்க்குட்டிக் கதை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது. நிறுத்துங்கள்.

"அது எங்க போச்சு?"

"கீழ."

"எதுக்குக் கீழ?"

"கட்டிலுக்குக் கீழ."

"ஏன் ஒளிஞ்சுக்கிச்சு?"

"இடி இடிச்சுச்சு. பயம்."

"நேத்து இடி இடிச்சப்ப நீ என்ன பண்ணுன?"

அவ்வளவுதான், 40 விநாடி. "கீழ" என்ற ஒற்றைச் சொல் முழு வாக்கியமாக நீண்டது, கதை பிள்ளையின் நேற்றைய நாளோடு ஒட்டியது. பத்து நிமிட வீடியோவில் இப்படி மூன்று இடத்தில் நிறுத்தினால் போதும். ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்திக் கேள்வி கேட்டால் பிள்ளை எரிச்சலாகிவிடும், அதுவும் நியாயம். "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று பரீட்சை வைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் கூடவே உட்கார முடியாது என்பது தெரிந்ததே. புது வீடியோவை முதல் முறை சேர்ந்து பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை அது தனியாகப் பார்க்கட்டும். சமைத்துக்கொண்டே காதில் விழும் தூரத்தில் இருந்தால், பிறகு பேசப் பேச்சு கிடைக்கும். பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டாமல் ஸ்பீக்கரில் ஓடவிடுவதற்கு இதுவே காரணம்.

தாத்தா பாட்டியோடு வீடியோ கால் நன்றாக அமைய ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். போனைக் கையில் கொடுக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். "ஹலோ சொல்லு, முத்தம் குடு" என்று விரட்டினால் ஒரு நிமிடத்தில் ஓடிவிடும். இரண்டு பக்கமும் கையில் ஒரே மாதிரி எதையாவது வைத்துக்கொண்டு, ஒரு பந்தோ படப் புத்தகமோ, பாட்டி ஒரு பக்கம் காட்ட, பிள்ளை அதைத் தேட, 10 நிமிடம் ஓடும்.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைத்துவிடுங்கள். பின்னணியில் டிவி ஓடினால் சின்னப் பிள்ளைகள் ஒரு விளையாட்டில் தங்கும் நேரம் குறைகிறது, பெற்றோர் பிள்ளையோடு பேசுவதும் குறைகிறது. இரண்டையும் ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன.

திரும்ப வாங்குவது

போனைப் பிடுங்கினால் பிள்ளை உருண்டு புரண்டு அழுகிறது. உடனே "அடிமையாயிட்டான்" என்கிறோம். பல நேரம் காரணம் சாதாரணமானது: கதை பாதியில் அறுந்தது, அல்லது எங்கே முடிவு என்றே தெரியாத ஒன்றை அது பார்த்துக்கொண்டிருந்தது. முடிவில்லாததை யாராலும் முடிக்க முடியாது; ரீல்ஸில் மூழ்கிய பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொன்னால் அழுகை குறையும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். 1 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் எடுத்து 2016-ல் வெளியான வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு வேறு சொன்னது. இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது திரையை விட்டுப் பிரிவது இன்னும் கஷ்டமாக இருந்தது. வீடியோ தானாக முடிந்தபோதும், அன்றாட வழக்கத்தின் ஒரு பகுதியாகத் திரை நின்றபோதும் சண்டை குறைவு. இரண்டு நிமிடம் என்றால் மூன்று வயதுக்கு என்ன தெரியும்? அதன் காதில் விழுவது "பிடுங்கப் போறாங்க" என்பது மட்டும். ஆகவே:

1. நிமிடத்தில் பேசாமல் எண்ணிக்கையில் பேசுங்கள். "ரெண்டு கதை." தொடங்கும் முன்பே சொல்லுங்கள், விரலைக் காட்டுங்கள். கதை 7 நிமிடம் என்றால் மொத்தம் 14 என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

2. ஆட்டோப்ளே அணைந்திருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. யூடியூப் கிட்ஸுக்குள் டைமரும் உண்டு. நேரம் ஆனதும் செயலியே தன்னைப் பூட்டிக்கொள்ளும். அப்போது நிறுத்தியது அம்மா இல்லை, செயலி.

3. கடைசிக் கதை ஓடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். தூரத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டாம். கதைக்குள் நுழையுங்கள்: "யானைக்குத் தொப்பி கிடைச்சுதா?"

4. முடிந்ததும் நிறுத்தும் பொத்தானைப் பிள்ளையே அழுத்தட்டும். போனை வைக்க ஒரே இடம் இருக்கட்டும், ஒரு தட்டோ கூடையோ. அதில் வைப்பதும் அதன் வேலை.

5. அடுத்து என்ன என்பது முன்பே தயாராக இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும். "போய் விளையாடு" போதாது. தரையில் பாதி கட்டிய கோபுரம், வாளியில் தண்ணீர், வெளியே போகச் செருப்பு. திரைக்குப் பிறகு உடலை அசைக்கும் வேலை நன்றாக வேலை செய்கிறது.

6. "இன்னும் ஒண்ணே ஒண்ணு!" கண்டிப்பாக வரும். "இன்னும் பாக்கணும்போல இருக்கு, இல்ல? அது நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள், விளக்கம் பேரத்துக்கு வாசல்.

இதை ஆரம்பித்த முதல் சில நாட்களில் அழுகை கூடலாம். இதுவரை அழுதால் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை. அதனால் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். நான்காம் நாள் சலித்துப்போய் ஒரு முறை விட்டுக்கொடுத்தீர்கள் என்றால், எத்தனை நாள் அழ வேண்டும் என்பதை அது கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க முடியாத வாரத்தில், கல்யாணம், பயணம், காய்ச்சல், இதைத் தொடங்கவே வேண்டாம்.

சாப்பாட்டுத் தட்டும் அழுகையும்

போனைக் காட்டி ஊட்டினால் தட்டு காலியாகும். ஆனால் வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரியாது. எதைச் சாப்பிட்டோம் என்பதும் தெரியாது. மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எந்த வேளையில் பசி அதிகமோ அந்த ஒரு வேளையை எடுங்கள். வீட்டில் இன்னொருவரும் அதே நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கொஞ்சமாகப் பரிமாறுங்கள், பிள்ளை கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். 20, 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சில நாள் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடும். அடுத்த வேளை பசி அதை ஈடுகட்டும். அந்த வேளை பழகிய பிறகுதான் அடுத்தது. எடை ஏற்கெனவே குறைவாக உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அழுகையை அடக்கப் போன் கொடுப்பதும் இதே வகை. ஊசி போடும்போது, நீண்ட பயணத்தில் கொடுப்பதில் தப்பில்லை. ஒவ்வொரு கோபத்துக்கும் அதுவே மருந்தானால், கோபத்தைத் தானாக ஆற்றிக்கொள்ளும் பயிற்சி பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும்.

பேச முடியாத, பேச்சு தாமதமான பிள்ளைகள் படங்களைத் தொட்டுப் பேசும் செயலியைப் பயன்படுத்தினால், அந்த நேரம் திரை நேரக் கணக்கில் வராது. அது அந்தப் பிள்ளையின் வாய். தண்டனையாக அந்த டேப்பை வாங்கிவைப்பது வாயைக் கட்டுவது போல. முடிந்தால் வீடியோவுக்கு வேறு கருவி, பேசுவதற்கு வேறு கருவி.

பள்ளிப் பிள்ளை வீடியோவில் படிப்பது

10 வயதுப் பிள்ளை பின்னங்கள் பற்றி 20 நிமிட வீடியோ பார்த்துவிட்டு "புரிஞ்சிருச்சு" என்கிறது. மறுநாள் 3/4, 5/8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் "5/8, ஏன்னா 5-ம் பெரிசு, 8-ம் பெரிசு" என்று பதில் வருகிறது. பொய் சொல்லவில்லை, நன்றாக விளக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தெரிந்தது போல ஓர் உணர்வு வரும். அது அடையாளம் கண்டுகொள்வது மட்டும்தான். தானாக எடுத்துச் சொல்ல வருகிறதா என்று சோதித்தால்தான் கற்றது தெரியும்.

செய்ய வேண்டியது: வீடியோவைத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம், கேள்வியைத் தாளில் எழுதித் தன் ஊகத்தையும் எழுதட்டும். 20 நிமிட வீடியோவை மூன்று துண்டாக்குங்கள். ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும், விடை வருவதற்குள் நிறுத்தித் தானே போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் திரையைக் கவிழ்த்துவிட்டுத் தாளில், தன் சொந்தச் சொல்லில் இரண்டு வரி. ஓடும்போதே பார்த்து எழுதுவது படியெடுப்பு, அதில் பயன் குறைவு. பின்ன உதாரணத்துக்கு, ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை வெட்டி ஒன்றை 4-ஆகவும் மற்றதை 8-ஆகவும் மடித்தால், 3/4 என்பது 6/8 என்று கையிலேயே தெரிந்துவிடும். வீடியோ பத்து முறை சொன்னதை அந்தப் பட்டை ஒரு முறையில் சொல்லும். கடைசியில் மூன்று கணக்கு, மறுநாள் வீடியோ பார்க்காமல் இரண்டு கணக்கு. அந்த இரண்டும் வந்தால்தான் பாடம் முடிந்தது.

வேகத்தைக் கூட்டி 1.5 மடங்கில் பார்ப்பது கதைக்குச் சரி, கணக்குக்கு வேண்டாம். வாசிக்கப் பழகும் பிள்ளை பாட்டோ கார்ட்டூனோ பார்த்தால், பேசும் மொழியிலேயே எழுத்து கீழே ஓடும்படி வையுங்கள். கண் தானாக எழுத்தைத் தொடரும், கூடுதல் நேரமும் ஆகாது.

ஏஐ உரையாடல் செயலிகள் இப்போது வீட்டுப்பாடத்துக்குள் வந்துவிட்டன. சாட்ஜிபிடியின் விதிகள்படி 13 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். அனுமதித்தால் ஒரு நிபந்தனை: பிள்ளை முதலில் தானே முயன்ற தாளைக் காட்ட வேண்டும், பிறகுதான் கேள்வி. கேட்கும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். "இதுக்கு விடை என்ன?" என்று கேட்காமல், "நான் இப்படிப் போட்டேன், எந்த வரியில தப்பு? விடை சொல்லாம ஒரு குறிப்பு மட்டும் குடு" என்று கேட்கட்டும். இவை தவறான விடையையும் அதே நம்பிக்கையோடு சொல்லும். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, தன் பள்ளியைப் பற்றியோ தனக்குப் பிடித்த ஆட்டத்தைப் பற்றியோ, கேட்கச் சொல்லித் தப்பைக் கண்டுபிடிக்க விடுங்கள். ஒரு முறை கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பிறகு எதையும் சரிபார்க்கும்.

தூக்கம், கண், காது

தூக்கத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. 3–4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம், 6–12 வயதுக்கு 9 முதல் 12, 13–18 வயதுக்கு 8 முதல் 10. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திரைகள் நிற்க வேண்டும். எல்லாச் சார்ஜரையும் படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் மாட்டுங்கள், பெரியவர்களுடையதையும் சேர்த்து. "அலாரத்துக்கு வேணும்" என்று பதின்பருவப் பிள்ளை சொல்லும். ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தால் அந்தப் பேச்சு முடியும். திரையை மஞ்சளாக்கிவிட்டால் போதும் என்பது அரைகுறை வைத்தியம். வெளிச்சம் ஒரு பங்குதான். தூங்க வேண்டிய நேரத்தை நோட்டிஃபிகேஷனும் அடுத்த எபிசோடும் தின்பதே பெரிய பங்கு.

கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 விநாடி, 20 அடி தூரத்தில் எதையாவது பார்ப்பது சோர்வைக் குறைக்கும். கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் அதைவிடப் பயன் தருவது பகல் வெளிச்சம், தினம் இரண்டு மணி நேரம் வெளியே. ஹெட்போனுக்கு உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். வீட்டில் டெசிபலை யார் அளப்பது? ஒரு கை தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள். காதில் விழவில்லை என்றால் சத்தம் அதிகம்.

பதின்பருவம்

பல சமூக ஊடகங்கள் 13 வயது என்று சொல்வது உளவியல் கணக்கு இல்லை. 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்ற 1998-ன் அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்த எண் அது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பெரிய தளங்களுக்கு அதை 16 ஆக்கியது. உங்கள் பிள்ளைக்கு எந்த வயது என்பதை, பொய்யாகப் பிறந்த வருடம் போடாமல், நீங்களே முடிவு செய்யுங்கள். பொய் வருடம் போட்டால் சிறார்களுக்கான பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்தே போய்விடும்.

கணக்கு தொடங்கும் நாளில் சேர்ந்து உட்கார்ந்து: கணக்கைத் தனிப்பட்டதாக்குங்கள், தெரியாதவர் செய்தி அனுப்புவதை மூடுங்கள், இருப்பிடத்தை அணையுங்கள், தடுப்பதும் புகார் செய்வதும் எப்படி என்று ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். ரகசியமாக அவர்கள் செய்திகளைப் படிக்காதீர்கள். படிக்கப்போகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பிடிபடும் ஒற்றனிடம் எந்தப் பிள்ளையும் பிறகு உதவி கேட்டு வராது.

உதவி கேட்டு வர வேண்டிய நாள் வரலாம். அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டினால் செய்ய வேண்டியது வரிசையாக: பணம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். பதில் பேச்சை நிறுத்த வேண்டும். மிரட்டல் செய்தியையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பிள்ளையின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பவோ நகலெடுக்கவோ கூடாது. பிறகு தடுத்துவிட்டு, தளத்திலும் காவல்துறையிலும் புகார். 18 வயதுக்குக் கீழ் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படத்தைப் பதிவேற்றாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கி, பங்கேற்கும் தளங்களில் அதைத் தேடி நீக்க உதவுகிறது. இதற்கெல்லாம் முன்னால் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்று: "சொன்னது நல்லது. போனைப் பிடுங்க மாட்டேன்." பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் இதை மறைக்கிறார்கள். மிரட்டுபவனுக்கும் அந்தப் பயம்தான் முதலீடு.

விளையாட்டில் மூழ்குவது எப்போது நோய்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022 முதல் நடப்பில் உள்ள 11-ம் பதிப்பு, மூன்று சொல்கிறது: கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் வருவது, கேடு வந்தும் தொடர்வது. பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். விடுமுறையில் இரண்டு வாரம் ஆடித் தீர்ப்பது அதில் சேராது. தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், பள்ளி இந்த நான்கில் இரண்டு சரிந்து ஒரு மாதமாகியும் எழவில்லை என்றால் மட்டும் 12 மாதம் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டம் காரணமாக இருக்கலாம். வேறு வேதனைக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கலாம்.

பூட்டைத் தளர்த்துவது

கட்டுப்பாடு போட்ட பெற்றோர் பலர் அதை எடுப்பதற்குத் திட்டம் வைத்திருப்பதில்லை. 15 வயதிலும் 7 வயதுப் பூட்டு தொங்கும். பிள்ளை நண்பனின் போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பூட்டை எடுங்கள், அதற்குப் பதிலாக ஒரு பொறுப்பைக் கொடுங்கள். 9 வயதில் செயலித் தேர்வு: பத்து நிமிடச் சோதனையைப் பிள்ளையே செய்து உங்களுக்கு முடிவு சொல்லட்டும். 11-ல் தினசரி நேரத்தை வாரக் கணக்காக மாற்றி, பங்கிடுவதை அதனிடம் விடுங்கள். முதல் வாரம் திங்கட்கிழமையே பாதி தீர்ந்துவிடும், பேசாமல் இருங்கள். 13-ல் பிரவுசர் வரலாறு பார்ப்பதை விட்டுவிடலாம். 15-ல் பகல் நேர வரம்பு போகட்டும், இரவு நிறுத்த நேரம் மட்டும் இருக்கட்டும். வெளிக் கூடத்துச் சார்ஜரில் எல்லோருடைய போனும் தொங்கும் வரைதான் அந்தக் கடைசி விதி செல்லும். உங்களுடையது முதலில் மாட்டியிருக்க வேண்டும்.